நின்றுபோன பதினான்கு மாதம்

அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். பாதியில் எழுந்து போனால் குழம்போடு சேர்ந்து நியாயமும் அடிப்பிடித்துவிடும்.

தண்டையார்பேட்டையில் நிரோஷா என்று ஒரு குத்துச்சண்டைக்காரி. நாற்பத்தெட்டு கிலோ எடைப் பிரிவு. பார்க்க ஒல்லியாகத்தான் இருப்பாள். அவள் இடது கை எப்போது கிளம்பி எப்போது வந்து விழுகிறது என்று மட்டும் எதிராளிக்குத் தெரியாது. அவளை முதலில் ரிங்கில் ஏற்றியவர் ஏகாம்பரம் என்கிற புரமோட்டர். 'பொம்பளைங்க சண்டையைப் பார்க்க எவன் வருவான்' என்று மற்றவர்கள் சிரித்த நாளில், மண்டபம் பிடித்து, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டி, அவளுக்குப் பந்தயம் நடத்திக் காட்டியவர். அந்த நன்றி நிரோஷாவுக்கு நிறையவே உண்டு.

அப்போது இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு அவள் ஏகாம்பரத்தின் பந்தயத்தில்தான் சண்டை போட வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் இன்னொரு புரமோட்டரிடம் எந்த வேலைக்கும் போகக் கூடாது. ஏழாவது பிரிவு இப்படிச் சொன்னது: என்ன காரணத்தால் அவள் சண்டை போட முடியாமல் போனாலும், அந்த மாதங்களில் ஒப்பந்தம் நின்றிருக்கும், நின்ற மாதங்கள் கடைசியில் சேர்த்துக்கொள்ளப்படும். நிரோஷா ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை ஏமாற்றவில்லை.

இரண்டாம் வருஷம் அவள் உண்டானாள். ஏகாம்பரம் முகம் சுளிக்கவில்லை. ஒரு பை சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்தார்.

"நல்லபடியா பெத்து எடும்மா. ரிங் எங்கயும் ஓடிடாது" என்றார்.

வயிற்றுப்பிள்ளையோடு ஏழு மாதம், பெற்ற பிறகு உடம்பு தேற ஏழு மாதம். ஆகப் பதினான்கு மாதம் அவள் கையுறை மாட்டவில்லை. ஆனால் ஏகாம்பரம் அந்த நாளில் நடத்திய பந்தயங்களின் சுவரொட்டியில் எல்லாம் அவள் படம் இருந்தது. ஆறாம் மாத வயிற்றோடு அவர் மேடையில் உட்கார்ந்து, ஜெயித்தவர்களுக்கு மாலை போட்டாள். குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோதும் கூப்பிட்டார், போனாள். நடுவில் பாண்டிச்சேரியில் வேறொருவர் நடத்திய பெண்கள் பந்தயத்துக்கு மைக்கில் வர்ணனை சொல்ல அவளை அழைத்தார்கள். ஆசையாக இருந்தது. ஏகாம்பரத்திடம் கேட்டாள்.

"அதெப்படிம்மா? நீ எங்கிட்ட கையெழுத்துப் போட்டவ. இன்னொருத்தன் மேடையில நின்னு நீ பேசினா எனக்கு என்ன மரியாதை?"

அவள் போகவில்லை.

மூன்று வருஷம் முடிந்த மறு வாரமே பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. பட்டத்துக்கான சண்டை. ஜெயித்தால் பெல்ட். நிரோஷாவுக்கு வயது முப்பதைத் தொட்டுவிட்டது. இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கிளம்பலாம் என்று பார்த்தால் ஏகாம்பரம் வந்து நின்றார்.

"இன்னும் பதினாலு மாசம் நீ என் ஆளு. பட்டச் சண்டை அடுத்த வருஷம் நானே நடத்தறேன், இரு."

ரெஃப்ரியாக இருபது வருஷம் ரிங்கில் நின்ற பத்மாவதி மேடம் சொன்னால் கட்டுப்படுவோம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். காலையில் பயிற்சிக்கூடத்திலேயே எல்லோரும் கூடினார்கள்.

ஏகாம்பரம் ஏழாவது பிரிவை விரித்துக் காட்டினார். "புதுசா எதுவும் கேக்கல மேடம். இவ கையெழுத்தைத்தான் கேக்கறேன்."

நிரோஷாவின் புருஷன் டில்லி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குதித்தான். "புள்ள பெத்ததுக்குத் தண்டனையாண்ணே? ஆம்பளைங்க பெத்துக்கிறதா இருந்தா உங்க ஏழாவது பிரிவே இருந்திருக்காது!"

"கத்தாதடா, குழந்தை முழிச்சுக்கப் போவுது. கை முறிஞ்ச கஜாவுக்கும் ஆறு மாசம் சேர்த்துத்தான் எழுதினேன். அவனையே கேளு."

அது உண்மைதான். கஜாவும் இதே மாதிரி ஒப்பந்தத்தில் ஏகாம்பரத்துக்குச் சண்டை போட்டவன். கஜா அந்த ஆறு மாதமும் வேறொரு புரமோட்டரின் கூடத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைத்தான். ஏகாம்பரம் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து, சேர்த்த ஆறு மாதத்தையும் அவருக்கே சண்டை போட்டுக் கழித்தான்.

பயிற்சியாளர் சூசை மாஸ்டருக்குச் சண்டை ரிங்குக்குள்ளே நடந்தால்தான் பிடிக்கும். "ஆளுக்குப் பாதி. ஏழு மாசம். முடிஞ்சுது" என்றார்.

"ஏழு மாசம் கழிச்சுப் போனா பெங்களூர்க்காரன் பெல்ட்டைப் பாதியா வெட்டித் தருவானா மாஸ்டர்?" என்றாள் நிரோஷா.

பத்மாவதி மேடம் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார். இப்போது நீங்கள் சொல்லுங்கள். கையெழுத்தைக் காட்டும் ஏகாம்பரம், பிள்ளைப்பேற்றைச் சொல்லும் டில்லி, பாதி பாதி என்கிற மாஸ்டர், இவர்களில் யார் சொல்வது சரி? நிரோஷா பெங்களூர் போகலாமா? போகலாம் என்றால், எந்த நியாயத்தால்?

விடை: மூன்று பேரும் சொன்னது சரியில்லை, ஆனாலும் நிரோஷா போகலாம். காரணம் எதுவானாலும் ஒப்பந்தம் நிற்கும் என்பதற்கு அவளே கையெழுத்திட்டதால், டில்லி சொன்ன நியாயம் செல்லாது. உரிமை இருந்தால் பதினான்கும் உண்டு, இல்லையென்றால் ஒன்றும் இல்லை. அதனால் பாதிக்கும் இடமில்லை. ஒப்பந்தம் நின்றது என்றால் இரண்டு பேருக்கும் நின்றிருக்க வேண்டும். கஜாவுக்கு அப்படித்தான் நின்றது: அவன் எங்கே வேண்டுமானாலும் போனான், அதனால் சேர்த்தது நியாயம். நிரோஷாவை ஏகாம்பரம் அந்த மாதங்களிலும் தன் மேடையில் உட்கார வைத்தார், அடுத்தவர் மேடைக்குப் போகாமல் அதே கையெழுத்தைக் காட்டித் தடுத்தார். அவருக்கு ஓடிய மாதங்கள் அவளுக்கும் ஓடியவைதான். பத்மாவதி மேடம் இதைச் சொன்னதும் ஏகாம்பரம் ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "சரி, ஜெயிச்சா மொத போட்டோ என்கூடத்தான் எடுக்கணும்" என்றார். "எடுக்கலாம்ணே. நான் பெல்ட்டைத் தூக்கிக்கிறேன், நீங்க குழந்தையைத் தூக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு நிரோஷா ஊருக்குத் துணி எடுத்து வைக்கப் போனாள்.