எந்த டயர் என்று நான் சொல்லவில்லை

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் வையாபுரி. அவன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

அவனும் நானும் ஒரே குருவின் சீடர்கள். வியாழன்தோறும் மோகனூர் சாலையில் சாமியின் தகரக் கொட்டகையில் ஒரே பாயில் உட்காருவோம். சாமிக்கு நாற்பது வயதுதான். பதினான்கு வருடம் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டிவிட்டு ஒரு நாள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர். எனக்கு அறுபத்தாறு. பேசினால் உண்மை பேசுகிறார் என்றுதான் அவரிடம் போனேன்.

வையாபுரிக்குப் பழைய கார் வாங்கி விற்கும் தொழில். ஒரு வெள்ளைக் காரை எனக்கு விற்றான்.

"டயரெல்லாம் புதுசு மாதிரிங்கண்ணே" என்றான்.

நான் லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் பாடி கட்டியவன். கதவைத் தட்டிப் பார்த்தே துரு எங்கே என்று சொல்லிவிடுவேன். நான்கு கதவையும் தட்டினேன். டயரைத் தட்டவில்லை. கறுப்புப் பாலீஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தான்.

மூன்றாம் வாரம், மழையில், பரமத்தி தாண்டி பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு சுற்றுச் சுற்றிக் வாய்க்கால் பாலத்துச் சுவரில் போய் மோதியது. என் மனைவி பாப்பாயிக்கு இடது கை முறிந்தது.

பஞ்சர் கடைக்காரன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நாலு டயரு, நாலு கம்பெனி. பின்னாடி வலது பக்கம் ஒரு சைஸ் சின்னது, அதுவும் மொட்டை. லாரிக்குப் பேர் போன நாமக்கல்காரரு, டயருல ஏமாந்தீங்களாக்கும்!"

பாப்பாயி பரமத்தி வேலூரில் மகள் வீட்டில் தங்கிவிட்டாள். கட்டுப் போட்ட கையோடு சொன்னாள்: "உங்களை நம்பி ஏறினேன். இனி ஏற மாட்டேன். உங்க வண்டியிலயும் இல்லை, உங்க ஊட்டுலயும் இல்லை."

முப்பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

அடுத்த வியாழன், சாட்சிக்கு டயரை மாற்றாமல், அதே காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வையாபுரி எனக்கு முன்னால் வந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"சாமி, இவனை ஏன் உள்ளே விடுறீங்க?"

"என்ன பண்ணினாருங்க?"

"மொட்டை டயர் வண்டியைப் புதுசுன்னு சொல்லித் தலையில கட்டிட்டான். அவ கை முறிஞ்சு கிடக்குறா."

வையாபுரி கண்ணைத் திறந்தான். "புதுசுன்னு எங்கண்ணே சொன்னேன்? புதுசு மாதிரின்னுதானே சொன்னேன்."

"அடிச்சுப்புடுவேன் பாத்துக்க!"

சாமி எழுந்தார். "வண்டி எங்கேங்க?"

"வேப்ப மரத்தடியில நிக்குது."

மூவரும் போனோம். சாமி முன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் வலது பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சின்ன டயரின் மேல் கையை வைத்தார்.



"சாமி, எந்த டயருன்னு நான் சொல்லலையே?"

"சொல்லலீங்க."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"பூசை அன்னிக்கே பார்த்தேன்."

கார் வாங்கிய அன்று அதற்குப் பூசை போட்டது அவர்தான். என் வீட்டு வாசலில், அவர் கையால்.

"பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"இருந்தேன். கையில கற்பூரத் தட்டு. நல்ல நேரம் முடியப் போவுதுன்னு நீங்க வேற அவசரப்படுத்தினீங்க. அந்தம்மா பட்டுச் சேலை கட்டிட்டு நின்னாங்க. அந்நேரத்துல ஆகாத வார்த்தை சொல்லக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"மறுநாள் சொல்லியிருக்கலாமே?"

"மறந்துட்டேனுங்க."

வையாபுரிக்குத் தைரியம் வந்துவிட்டது. "பார்த்தீங்களாண்ணே? சாமியே பார்த்திருக்காரு. அட, நீங்கதானே நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சீங்க? குனிஞ்சு குனிஞ்சு வெச்சீங்களே!"

"நான் குனிஞ்சது பழத்துக்குடா! டயருக்கு இல்லை!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அதற்காக அவனை விட்டுவிட முடியுமா?

சாமி வையாபுரி பக்கம் திரும்பினார். "நீங்க பேசாதீங்க. இவரு பார்க்காதவரு, நான் சொல்லாதவன். நீங்க வித்தவரு."



"சாமி, எனக்கு யார் பதில் சொல்றது?" என்றேன். "இவன் 'புதுசு மாதிரி'ன்னுதான் சொன்னேங்கிறான். நீங்க மறந்துட்டேங்கிறீங்க. உங்க காலுல விழுந்து எழுந்தவன் நான்."

சாமி முன் கதவைத் திறந்து, பாப்பாயி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"வையாபுரி, பின்னாடி ஏறுங்க. வலது பக்கம்."

"எங்கேங்க சாமி?"

"வேலூருக்கு. அந்தம்மாவைப் பார்த்து நீங்க வித்ததைச் சொல்லுங்க. நான் சொல்லாம விட்டதைச் சொல்றேன்."

வையாபுரி கதவில் கை வைத்தான். எடுத்தான்.

"சாமி... இந்த டயருலயா வேலூர் வரைக்கும்? என் கார்ல போயிரலாமுங்க."

அவன் சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு ஏறினான்.

நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். சாவியைத் திருகவில்லை.

"அவளுக்குச் சொல்லப் போறீங்க, சரி. என்னை ஏமாத்தினதுக்கு? ரெண்டு பேருல ஒருத்தரும் எனக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லலையே, சாமி?"

சாமி என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார்.

"டயரைப் பார்க்காம விட்டதை நீங்க மட்டும் அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களாங்க? உங்களுக்கு வர வேண்டிய பாக்கி அப்படியே இருக்கட்டும். வண்டியை எடுங்க."