அழுது-முடிச்ச மூக்கு

மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் திருமேனி என்று ஓர் ஆசிரியர் இருந்தார். செங்கல் சூளைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் பவுனாம்பாள். ஆசிரியரைவிடப் பத்து வயது மூத்தவள். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள்.

ஆறு வருஷம் சமைத்தபின் ஒருநாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆசிரியர் முன்னால் நின்றாள். தன்னைச் சிஷ்யையாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை என்றாள். இந்த வயதில் எதற்கு என்று அவர் கேட்பாரோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

தை மிருகத்தை இந்த முறை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஒரு வாரம் தவணை. சரியாக வந்தால் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு அவளுக்கு. வராவிட்டால் பழையபடி அடுப்படி.

தை மிருகம் அந்தப் பள்ளியின் வழக்கம். உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு மிருகத்தைப் பிள்ளைகள் நினைப்பார்கள். கூடை முடைகிற சின்னாண்டி அதை மூங்கிலிலும் காகிதத்திலும் செய்து கொடுப்பார். தை பிறந்ததும் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். ஆனால் சின்னாண்டிக்குப் படம் காட்டக் கூடாது. சொல் மட்டும்தான். அவருடைய கை மூங்கிலில் இருக்கும்போது, மனைவி அங்கம்மா ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசிப்பாள். நீட்டி முழக்கி எழுதினால் அவர் காதில் ஏறாது. அதனால் இரண்டு சொல்லைச் சின்னக் கோடு போட்டு ஒட்டி, பக்கத்தில் உறுப்பின் பெயரை எழுத வேண்டும். ஒரு சீட்டுக்கு ஓர் உறுப்பு.

பாடம் அவ்வளவுதான். ஆனால் பவுனாம்பாளுக்கு ஒரே யோசனை. ஆளுக்கு ஒன்று சொல்லி மிருகம் கோணிக்கொண்டு நின்றால்? ஊரே பார்த்துச் சிரித்தால்? எதற்கு வம்பு என்று அவளே கரும்பலகையில் ஒரு மிருகத்தை வரைந்தாள். இதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

பிள்ளைகள் பார்த்தார்கள், சொன்னார்கள். முறம்-அகலக் காது. இட்லி-வெள்ளைக் கண். அகப்பை-நீள வால். அண்டா-உருட்டு வயிறு.

பூவரசி என்ற சிறுமி மட்டும் வயிற்றுக்கு வேறு சொன்னாள். ஏழு வயது. அவளுடைய அம்மா வேறு சூளைக்குப் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மூச்சு-பிடிச்ச வயிறு என்றாள். படத்தில் அப்படியா இருக்கிறது, நன்றாகப் பார் என்று பவுனாம்பாள் அந்தச் சீட்டை அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு பூவரசி வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள், அவள் அனுப்பிய சீட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னாண்டியே வந்துவிட்டார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"இது என்ன தாயி, மிருகமா? உன் அடுப்படிக்கு நாலு காலை மாட்டி அனுப்பியிருக்கியே."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூவரசி சிரிக்கவில்லை. பவுனாம்பாள் சீட்டுகளை வாங்கி மடியில் முடிந்துகொண்டு நேராக ஆசிரியரிடம் போனாள்.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கு அவள் வரவில்லை.

"ஐயா, இருக்கிற மாட்டைப் பத்திச் சொன்னா, மாட்டைப் பாத்து சரி தப்பு சொல்லிடலாம். இல்லாத மிருகத்துக்கு எது சரி, எது தப்பு? யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

ஆசிரியர் எழுந்தார். அவளை வகுப்புக்கு அழைத்துப் போனார். பலகையைத் துடைத்தார். அதற்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி அவளை உட்கார வைத்தார். கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார்.

"அவங்க சொல்றதை வரைங்க அக்கா. முடியற வரைக்கும் திரும்பாதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆயாம்மாவை மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஒருவன் கிசுகிசுத்தான். அவள் காதில் விழுந்தது. திரும்பவில்லை. இன்றைக்கு இதை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இடி-கேட்ட காது" என்றான் அவனே.

அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்த்து வரையப் படமும் இல்லை. நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று கேட்டாள். ஒன்று நிற்கிறது, ஒன்று படுத்துவிட்டது என்றான். அப்படியே வரைந்தாள்.

"பந்தி-கடைசி வயிறு" என்றது ஒரு குரல்.

பரிமாறுகிறவளுக்கு அது சுருக்கென்றது. காலி வயிறா என்று கேட்டாள். காலி இல்லை, நம்ம வரைக்கும் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வயிறு என்று விளக்கம் வந்தது. வயிற்றை மூன்று தரம் அழித்து வரைந்தாள்.

கால், முதுகு, கழுத்து என்று ஒவ்வொன்றாக வந்தது. மூக்குக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். முக்காலி ஒரு பக்கம் ஆடியது. இடுப்பு வலித்தது.

பின்வரிசையிலிருந்து மெல்ல வந்தது.

"அழுது-முடிச்ச மூக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்தானே அழும், மூக்கு எங்கே அழும் என்று பவுனாம்பாளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"ஈரமா இருக்கா?"

"இல்ல. தொடச்சாச்சு."

"யாரு தொடச்சா?"

பவுனாம்பாள் மூக்கை வரைந்து முடித்தாள்.

"அதுவே தொடச்சுக்கிச்சு. வாலால."

வால் மூக்குவரை வர வேண்டும் என்றால் முதுகு முழுக்க வளைய வேண்டும். அதுவரை வரைந்த முதுகு விறைப்பாக நின்றது. அவ்வளவு தூரம் வளையுமா என்று அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வளையும்" என்றாள் பூவரசி. "அது தனியாத்தானே இருக்கு."

பவுனாம்பாள் முதுகை அழித்தாள். காலை அழித்தாள். முதலிலிருந்து வரைந்தாள். வியர்வை கழுத்தில் வழிந்தது. சுண்ணக்கட்டி நகக்கண் அளவுக்குத் தேய்ந்தபோது வால் மூக்கைத் தொட்டது.

அப்புறம்தான் திரும்பினாள். பிள்ளைகள் எழுந்து பலகைக்கு அருகில் வந்து நின்றார்கள். அது எந்த மிருகத்தைப் போலவும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பூவரசி நெருங்கி வந்து, வால் இவ்வளவு தடிமன் இல்லை, இன்னும் மெலிசு என்றாள். பவுனாம்பாள் அதைத் திருத்தினாள். சரியா என்று கேட்டாள். பூவரசி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பிறகு ஈரத் துணியால் பலகை முழுவதையும் துடைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து எழுதச் சொன்னாள்.

சாயங்காலம் ஆசிரியர் வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். பவுனாம்பாள் சீட்டுகளோடு வந்தாள். அவர் கை நீட்டவில்லை. அவளும் சீட்டுகளை நீட்டவில்லை.

"தப்பு ஏதாவது இருக்கா அக்கா?"

"எனக்குத் தெரியலைங்க ஐயா. பாத்தது அவங்க. நான் கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்."

"சின்னாண்டி மறுபடியும் சிரிச்சா?"

"சிரிக்கட்டுங்க. அவருக்கு விளங்கலைன்னா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன். என்னைக் கேக்க வேண்டாம், அவங்களைக் கேக்கட்டும்."

ஆசிரியர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். செருப்பைக் காலில் போட்டு எழுந்தார்.

"அப்ப நாளையிலிருந்து சமையலுக்கு ஒரு ஆள் பாக்கணும், அக்கா."