கொதிக்க வைத்த குற்றம்

மழைகூட உத்தரவு கேட்டுத்தான் பெய்கிறது என்று ராஜாக்கள் நம்பிய காலத்தில், கல்லூற்றுப்பட்டணம் என்ற சிறு நகரத்தை விசயமாணிக்கன் ஆண்டுவந்தான். மலையிலிருந்து கல்வாய்க்கால் அமைத்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் அவனுடைய தாத்தா. புகழ் மட்டும் பேரனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

தண்ணீரைப் பரிசோதிக்கக் கோதண்டராயர் என்று ஓர் அதிகாரி இருந்தார். தினமும் காலையில் பல்லக்கில் மலையடிவாரம் போவார். வாய்க்கால் தொடங்குமிடத்தில் தங்கக் கிண்ணத்தில் ஒரு வாய் குடிப்பார். சங்கு ஊதுவார்கள். "இனிப்பு, குளிர்ச்சி, தூய்மை" என்பார். அத்துடன் அன்றைய பரிசோதனை முடிந்தது.

வாய்க்கால் அங்கிருந்து இறங்கி, அரண்மனையைத் தாண்டி, யானைகளைக் கட்டும் கொட்டாரத்துக்கு அடியில் புகுந்து, கடைசியில் நெசவாளர் தெருவின் கல்தொட்டியில் விழும். அதுவரை பல்லக்கு போனதில்லை. பாதை குறுகல் என்று காரணம் சொல்லப்பட்டது.

அந்த வருடம் நெசவாளர் தெருவில் வயிற்றுப்போக்கு முன்னைவிடக் கடுமையாகக் கண்டது. மருத்துவச்சி மாடத்தி வீடு வீடாகப் போனாள். "கொதிக்க வச்சு, ஆற வச்சுக் குடிங்கடி. பிள்ளைக்குப் பச்சைத் தண்ணி ஒரு சொட்டுகூடக் காட்டாதீங்க" என்றாள். கேட்ட வீடுகளில் நோய் நின்றது. பிறகு எல்லா வீடுகளிலும் அடுப்பு எரிந்தது.

ராஜா உப்பரிகையிலிருந்து புகையைப் பார்த்தான்.

"அங்கே என்ன யாகம்?"

"யாகமில்லை, மகாராஜா. ராஜ நிந்தை" என்றார் கோதண்டராயர். "தங்கள் தாத்தா கொண்டுவந்த தண்ணீரை நெருப்பில் போட்டு வதைக்கிறார்கள்."

மறுநாள் முரசறைந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைப்பது குற்றம். சோறு வடிக்கலாம், ஆனால் அரிசியைப் போட்ட பிறகே பானையை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

மாடத்தியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"என் தண்ணீரில் என்னம்மா குறை?" என்றான் ராஜா.

"மலையில ஒரு குறையும் இல்லீங்க, மகாராஜா. எங்க தொட்டிக்கு வரும்போது அதுல கரும்புச் சக்கை மிதக்குது."

"அதனால்தான் இனிப்பு என்று தினமும் சொல்கிறேன்" என்றார் கோதண்டராயர்.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, மூன்று நாளில் அவள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான்.

தெருவில் ஒன்பது பெண்கள் பிரசவ மாதம் நெருங்கி இருந்தார்கள். மாடத்தி அவர்களை நினைத்தாள். கெஞ்சினால் சபை இன்னொரு முறை சிரிக்கும்.

"உத்தரவு, மகாராஜா. போறதுக்கு முன்னால ஒரே ஒரு ஆசை. நாளைக்குப் பட்டத்து யானையை ரெண்டு கூடை மஞ்சள் கரைச்சுக் குளிப்பாட்டணும். உங்க ஆயுசுக்கு நல்லது. அது முடிஞ்சதும் சபையோட எங்க தெருத் தொட்டிக்கு வந்தீங்கன்னா, எல்லார் முன்னாலயும் அந்தத் தண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

தண்ணீரிடம் மன்னிப்பு என்பது ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. மேளத்துக்கும் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் யானை கொட்டாரத்தில் மஞ்சளில் குளித்தது. ஊர்வலம் நெசவாளர் தெருவுக்கு வந்தது. குறுகலான பாதையில் பல்லக்கு சிரமமில்லாமல் நுழைந்தது.

தொட்டியில் தண்ணீர் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது.

கோதண்டராயர்தான் முதலில் சுதாரித்தார். "பொன்! மகாராஜாவின் புண்ணியம் பொன்னாகப் பாய்கிறது!"

மாடத்தி கும்பிட்டாள். "ஐயா வாயால சொன்னா சரி. வழக்கப்படி பரிசோதனையும் பண்ணிடுங்க."

ராஜா தலையசைத்தான். சங்கு ஊதினார்கள். கோதண்டராயர் கிண்ணத்தை நிரப்பிக் குடித்தார். முகம் ஒரு கணம் சுருங்கியது. "இனிப்பு, குளிர்ச்சி, தூய்மை."

"மகாராஜா," என்றாள் மாடத்தி, "அது யானை குளிச்ச மஞ்சள். கொட்டாரத்துக்குக் கீழ வாய்க்கால் மூடின பலகைக்கல் உடைஞ்சிருக்கு. மேல கழுவுறது எல்லாம் உள்ள இறங்குது. எங்க தெருவுல கரும்பு தின்ன ஆள் ஏது? அப்புறம், யானை குளிக்கும்போது குளியலோட நிறுத்திக்கிறதில்லீங்க."

கோதண்டராயர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக ஓடினார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். சபையும் சிரித்தது. மாடத்தி சிரிக்கவில்லை. அவர்கள் ஓயும்வரை காத்திருந்தாள்.

"ஆடியில நான் ஏழு பிள்ளைங்களைக் கையில ஏந்தினேன். நாலு பேர் இப்ப இல்ல."

மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

ராஜா தொட்டியை எட்டிப் பார்த்தான். பிறகு கோபமாக, "கொதிக்க வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டது யார்?" என்றான்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"யார் போட்டிருந்தாலும், மகாராஜா, எடுக்க உங்களாலதான் முடியும்" என்றாள் மாடத்தி.

அங்கேயே சட்டம் எடுக்கப்பட்டது. அவள் மேல் இருந்த தீர்ப்பும் போயிற்று.

"உனக்கு என்ன வேண்டும்?"

"பரிசோதனை இங்க நடக்கணும். ஐயாவும் இங்கயே குடியிருக்கணும்."

அன்றே கோதண்டராயரின் வீடு தொட்டிக்கு எதிரில் வந்துவிட்டது. தங்கக் கிண்ணம் மாடத்தியின் வீட்டுக்குப் போயிற்று. பிள்ளைகளுக்கு மருந்து உரைத்துக் கொடுக்க அளவாக இருந்தது.

மறுநாள் காலையில் ராஜா உப்பரிகைக்கு வந்தான். நெசவாளர் தெருவில் மற்ற அடுப்புகளுக்கு முன்பாக ஒரே ஒரு புகை எழுந்தது.

"அங்கே என்ன யாகம்?"

"கோதண்டராயர் வீடு, மகாராஜா. தண்ணீர் கொதிக்கிறது" என்றான் காவலன்.

ஏழு வருடமாக உடைந்து கிடந்த பலகைக்கல் எட்டே நாளில் மாற்றப்பட்டது. ஒன்பதாம் நாள் காலை கோதண்டராயர் தொட்டியருகே குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திப் பார்த்தார். முகர்ந்தார். கொஞ்சம் குடித்தார். சங்குக்காரன் மூன்று வார்த்தைக்குக் காத்திருந்தான்.

"குடிக்கலாம்" என்றார்.

அன்றும் அவர் வீட்டில்தான் முதல் அடுப்பு எரிந்தது.