ஒன்பது ஆசனங்களின் மேல் ஒரு மேடை

முன்னொரு காலத்தில், ஏழு கடலும் தாழ்ந்து வணங்க, எட்டுத் திசையும் எழுந்து வாழ்த்த, பொறாமை என்னும் சிறுமை அண்டாத பெருமனத்தோடு அகண்டகீர்த்தி மகாராஜா ஆண்டு வந்தார். அண்டை நாட்டு அரசன் தன் தோட்டத்தில் மரமேடை போட்டு, அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்து பலாச்சுளை தின்கிறான் என்று ஒற்றன் வந்து சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“நமக்கும் மேடை வேண்டும். அவனுடையதைவிட ஒரு சாணாவது அகலமாக!” என்றார் சபையில்.

அந்தச் சபையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே ஒன்பது பிரதானிகள். ஒவ்வொருவருக்கும் பலாக்கட்டையில் செதுக்கிய ஓர் ஆசனம். பதவி ஒரு படி உயர்ந்தால் ஆசனம் இரண்டு விரற்கடை உயரும். தலைமை அமைச்சர் சர்வஞானருக்குப் பதினெட்டு விரற்கடை. கடைசியில் விகடகவி வெண்காடனுக்கு இரண்டே விரற்கடை, ஏறக்குறையத் தரைதான். ஆனால் மகாராஜா வாய்விட்டுச் சிரிப்பதெல்லாம் அந்தத் தரைப் பக்கம் குனிந்துதான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தும் தன் பக்கம் ஒரு புன்னகைகூட வராதது சர்வஞானருக்கு வயிற்றில் நெருப்பு.

அவர் எழுந்தார். “மகாராஜா, தோட்டம் முழுவதும் தங்கள் பாட்டனார் பதித்த கல்தளம். கல்லுக்குக் கல் அவருடைய விருதுப் பெயர்கள். அதைத் தோண்டிக் கால் நடலாமா? துளையிடலாமா?”

“கூடாது, கூடாது!”

“செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கலாமா? பாட்டனார் பெயரின் மேல் போயும் போயும் ஒரு செங்கல் ஏறுவதா? சபையில் இடம்பெறத் தகுந்த பொருள் எதுவோ, அது மட்டுமே அந்தக் கல்லின் மேல் நின்று மேடையைத் தாங்கலாம் என்று ஆணையிட வேண்டும்.”

ஆணையும் ஆயிற்று.

“இவ்வளவு நுட்பமான வேலைக்கு நம் வெண்காடனை விட்டால் யார்?” என்றார் சர்வஞானர், பால் வடியும் முகத்தோடு. “முடியாவிட்டால், பாவம், மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி நாட்டின் எல்லைக்கு அப்பால் விட்டுவிடலாம். பெரிய தண்டனையெல்லாம் வேண்டாம்.”

மகாராஜா மூன்று நாள் தவணை கொடுத்தார். மேடைமேல் வைத்த எலுமிச்சம்பழம் உருளக்கூடாது என்றும் சொன்னார். அண்டை நாட்டு மேடையில் உருளவில்லையாம்.

வெண்காடன் அங்கமுத்து ஆசாரியை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். ஒரு குடம் தண்ணீரைக் கல்தளத்தில் கவிழ்த்தான். தண்ணீர் ஈசானிய மூலையில் இருந்த குளத்தைப் பார்த்து ஓடியது.

ஆசாரி நூல் பிடித்துப் பார்த்தார். “மழைத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு சாய்ச்சுப் பதிச்சிருக்காங்க சாமி. முட்டெல்லாம் ஒரே உயரமா வச்சா மேடையும் சாஞ்சுதான் நிக்கும். அரண்மனை மூலையில ரெண்டு விரக்கடை போதும். குளத்தோரம் பதினெட்டு வேணும். நடுவுல ஏழு முட்டு, ஒண்ணுக்கொண்ணு ரெண்டு ரெண்டு விரக்கடை கூட. அதுவும் சபைக்குத் தகுந்த பொருளா! நான் எங்க போவேன்? கழுதைக்கு இப்பவே புல்லு போட்டு வைங்க.”

வெண்காடன் சிரித்தான். “ஆசாரி, நீர் விட்டத்தையும் பலகையையும் இழைத்து வையும். முட்டுகளை நான் கொண்டு வருகிறேன்.”

மூன்றாம் நாள் காலை பிரதானிகள் சபைக்கு வந்தபோது ஆசனம் ஒன்றுகூட இல்லை. ஒன்பதும் தோட்டத்தில் மேடைக்கு அடியில் நின்றன. வெண்காடனுடையது அரண்மனை மூலையில். சர்வஞானருடையது குளத்தோரம், தவளை கத்தும் இடத்தில்.

“என் ஆசனமா? தவளைக்குப் பக்கத்திலா? என்ன திமிர்!”

“அமைச்சர் பெருமானே, சபையில் இடம்பெறத் தகுந்த பொருள்தான் நிற்கலாம் என்பது ஆணை. தங்கள் ஆசனத்துக்கு அந்தத் தகுதி இல்லை என்று தாங்களே சொல்லிவிட்டால், இப்போதே உருவிவிடுகிறேன்.”

சர்வஞானர் தவளையை முறைத்தார். பதினாறு விரற்கடைச் சேனாபதி, தம் ஆசனமும் அடியில்தான் கிடக்கிறது என்பதை மறந்து, அமைச்சருடையது இன்னும் பள்ளத்தில் கிடப்பதைப் பார்த்து மகிழ்ந்தார்.

மகாராஜா எலுமிச்சம்பழத்தை மேடை நடுவில் வைத்தார். அது குளத்துப் பக்கத்திலிருந்து அரண்மனைப் பக்கமாக விறுவிறுவென்று உருண்டது.

“உருண்டுவிட்டது! கழுதை எங்கே? கழுதையைக் கொண்டு வாருங்கள்!” என்று சர்வஞானர் குதித்தார்.

வெண்காடன் பழத்தின் பின்னால் ஓடினான். ஆசாரி மட்டும் குனிந்து ஒவ்வொரு முட்டாக அளந்துகொண்டே போனார். குளத்தோரம் நின்றுவிட்டார்.

“மகாராசா, எங்க அளவுல தப்பில்லீங்க. இந்த ஒண்ணு மட்டும் இருபது விரக்கடை இருக்கு. அடியில யாரோ தனிப்பலகை வச்சு ஆணி அடிச்சிருக்காங்க. இன்னிக்கு நேத்து அடிச்சதில்ல, துரு ஏறிப்போச்சு.”

மகாராஜா குனிந்து அந்தப் பலகையைப் பார்த்தார்.

“சர்வஞானரே, இது என்ன?”

“அது... சேனாபதி வரவரக் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார், மகாராஜா. எதற்கும் இருக்கட்டும் என்று...”

ஆசாரி பலகையைப் பெயர்த்து எடுத்தார். மீண்டும் வைத்த எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே நின்றது.

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடையில் கால் நீட்டி உட்கார்ந்து, பலாச்சுளை வரவழைத்து, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து வெண்காடனுக்குப் போர்த்தினார். “இந்த ஒன்பதும் இங்கேயே இருக்கட்டும். இனிமேல் சபையில் எல்லோருக்கும் தரைதான்!”

மறுநாள் பிரதானிகள் ஒன்பது பேரும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். சபை கலைந்தபோது சர்வஞானரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காவலர்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.