உள்ளேன், டீச்சர்

சிஷ்யருக்குத் தலை நரைத்துவிட்டது. குருவுக்கு ஒரு முடிகூட இன்னும் நரைக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இப்படியும் நடக்கும்.

சவரிமுத்து சார் காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானங்களில் விசில் ஊதியவர். முழங்கால் தேய்ந்ததும், பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்கிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். வேலை பழகத் தில்லைநாயகி மேடத்திடம் அனுப்பினார்கள். மாவட்டத்தில் எந்த அரசுப் பள்ளியில் சாவு விழுந்தாலும், அசம்பாவிதம் நடந்தாலும், மறுநாள் காலையில் போய் அந்தப் பிள்ளைகளோடு உட்காருவதுதான் மேடத்தின் வேலை. ஆற்றுப்படுத்துநர் என்று அதற்குப் பெயர். பெயர்தான் நீளம். போன இடத்தில் மேடம் பேசுவது நாலே நாலு வார்த்தை.

சாருக்கு அது பெரிய குறை.

"இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துட்டு, ஒண்ணுமே சொல்லாமப் போறமே மேடம்" என்பார்.

"என்ன சொல்லணும் சார்?" என்பார் மேடம்.

அதற்கு சாரிடம் பதில் இருக்கும். நிறையவே இருக்கும்.

அன்று அவர்கள் போனது கரிசல்காட்டு ஊர் ஒன்றில் உள்ள பெண்கள் பள்ளிக்கு. ஒன்பதாம் வகுப்பு முத்துக்கனி முந்தின நாள் சைக்கிளில் பள்ளிக்கு வரும்போது பைபாஸில் லாரி அடித்துவிட்டது. பிள்ளை பிழைக்கவில்லை.

இருவரும் வகுப்பு வாசலில் போய் நின்றபோது, செண்பகவடிவு டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய முகத்தைத் தூக்காமலே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்குக் குரலே எழும்பவில்லை. "உள்ளேன் டீச்சர்" என்பது பாதி காற்றாகத்தான் வந்தது. டீச்சர் கேட்டும் கேளாமலும் டிக் போட்டுக்கொண்டே போனார்.

பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது நேரம் காலம் பார்க்காது. நாக்கு அதன் தடத்திலேயே ஓடியது.

"முத்துக்கனி."

கூப்பிட்ட பிறகுதான் டீச்சருக்கே உறைத்தது. பேனா அப்படியே நின்றது.

"உள்ளேன் டீச்சர்."

இரண்டாவது பெஞ்சிலிருந்து வந்தது அந்தப் பதில். கணீரென்று, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். அச்சு அசல் முத்துக்கனியின் குரல்.

பிறகு ஒரு பிள்ளை வீறிட்டாள்.

"முத்துக்கனி வந்துட்டா! காளீஸ்வரி மேல வந்து இறங்கிட்டா!"

அவ்வளவுதான். பெஞ்சுகள் உருள, பிள்ளைகள் விழுந்தடித்து வாசலுக்கு ஓடிவந்தார்கள். டீச்சர் மேஜையைப் பிடித்தபடி தரையில் சரிந்தார். சவரிமுத்து சார் கை முறிந்ததையும் மண்டை உடைந்ததையும் எத்தனையோ பார்த்தவர். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

காளீஸ்வரி மட்டும் பெஞ்சை விட்டு அசையவில்லை. பக்கத்தில் முத்துக்கனியின் இடம் காலியாக இருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த மணி அடிப்பதற்குள் காளீஸ்வரியின் அம்மா கையில் வேப்பிலையோடு கேட்டில் வந்து நின்றாள்.

"பிள்ளைய விடுங்க. உச்சிக்குள்ள கோடாங்கிகிட்டக் கொண்டு போகணும். அவன் உடுக்கை அடிச்சு இறக்கிடுவான்."

"கூட்டிட்டுப் போகட்டும் மேடம்" என்றார் தலைமையாசிரியை. "மத்த பிள்ளைங்க பயத்துல நடுங்குதுங்க."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் தில்லைநாயகி. அந்த அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சாரிடம் திரும்பி, "லேப்ல உட்கார வச்சிருக்கிற காளீஸ்வரிகூட இருங்க சார். அவளைத் தனியா விட்டுட்டு நகர வேண்டாம். நான் இவங்களோட பேசிட்டு வந்துடுறேன்" என்றார்.

இருங்கள் என்றுதான் சொன்னார். பேசுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சும்மா இருப்பது சாருடைய ஜாதகத்தில் இல்லை.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டார்.

"எப்பவும் நான்தான் சார் சொல்லுவேன்."

முத்துக்கனி தினமும் லேட். தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுக்க முடியும். அவள் வந்து சேரும்வரை அவளுக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்வது காளீஸ்வரிதான். ஆறாம் வகுப்பிலிருந்து இதுதான் இருவருக்கும் ஒப்பந்தம். அவளைப் போலவே மூக்கால் சொல்வாள். எந்த டீச்சரும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"நேத்தும் சொன்னேன் சார்."

சாருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

விபத்து நடந்த இடத்தில் முத்துக்கனியின் பை எங்கோ போய் விழுந்துவிட்டது. அடையாள அட்டை அதற்குள். அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சீருடை. போலீஸ்காரர் பள்ளி பள்ளியாகப் போன் போட்டு, இன்று யாரெல்லாம் வரவில்லை என்று கேட்டார். இந்தப் பள்ளியிலும் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் உடனே சொல்லி அனுப்பினார்கள். முத்துக்கனி வீட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை. அவள்தான் வகுப்பில் இருக்கிறாளே.

ஆஸ்பத்திரியில் மத்தியானம்வரை அவளுக்கு உயிர் இருந்தது. "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டே இருந்ததாக நர்ஸ் சொன்னாளாம். பெற்றவள் அந்த நேரம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள், மகள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில்.

"நான் சொல்லலேன்னா, அவங்க அம்மாவத் தேடிக் கூட்டிட்டு வந்திருப்பாங்கல்ல சார்?"

சாருடைய வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வார்த்தைகள் தாமாக வெளியே வந்தன.

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. அழக் கூடாது. தைரியமா இருக்கணும்."

அவள் அழவே இல்லை. அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் சார் என்ன கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. நகரக் கூடாது என்ற உத்தரவு நினைவிருந்ததால், வாசற்படியில் நின்றபடியே மேடத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார். தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

"மேடம், இந்தப் பிள்ளைகிட்ட என்னதான் சொல்றது? தப்பில்லன்னு சொன்னேன். என் காதுக்கே அது பொய்யாத்தான் கேட்டுச்சு."

மேடம் உள்ளே போய் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காளீஸ்வரி."

பதில் இல்லை.

மேடம் அடுத்து ஏதாவது சொல்வார் என்று சார் காத்திருந்தார். சத்துணவுக் கூடத்தில் யாரோ அண்டா கழுவுகிற சத்தம் கேட்டது.

"காளீஸ்வரி."

அதே குரல். அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரல்.

சாருக்குப் பொறுக்கவில்லை. "இங்கதான இருக்கா மேடம்" என்றார்.

மேடம் அவரைத் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். அண்டாவைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார்கள். மேடம் மறுபடியும் கூப்பிட்டார்.

"காளீஸ்வரி."

சுவரைப் பார்த்தபடி அவள் பேசினாள்.

"முத்துக்கனிக்கு வேணா சொல்றேன் டீச்சர். எனக்குச் சொல்ல வரல."

"ஏன் வரல?"

"இருக்க வேணாம்போல இருக்கு."

மேடம் இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார்.

"செத்துப் போயிரலாமான்னு தோணுதா?"

பச்சைப் பிள்ளையிடம் இப்படியா வாய்விட்டுக் கேட்பது! சார் அதிர்ந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். இல்லாததைக் கிளப்பிவிடுகிறாரே என்று நினைத்தார். ஆனால் காளீஸ்வரி திரும்பிவிட்டாள். ஆமாம் என்று தலையசைத்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது. முந்தின நாளிலிருந்து அடைத்துக்கிடந்த அழுகை. மேடம் அழாதே என்று சொல்லவில்லை. அது ஓயும்வரை முதுகில் கை வைத்திருந்தார்.

"நேத்து நீ சொன்னதும் நிஜம், அதனால நடந்ததும் நிஜம்" என்றார். "இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நிமிர்ந்து பாக்காம டிக் போட்டவங்க இருக்காங்க. லாரிய ஓட்டினவன் இருக்கான். மொத்தத்தையும் நீ ஒருத்தியே தூக்கிட்டுப் போகப் பாக்குறே. அதை நான் விட மாட்டேன்."

வெளியே வந்து அம்மாவிடம் மகள் சொன்னதை மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த வேப்பிலை நழுவிக் கீழே விழுந்தது.

"அப்போ கோடாங்கிகிட்ட..."

"அது இருக்கட்டும்மா. இப்ப நாம டாக்டர்கிட்டப் போறோம். நானும் கூட வரேன். அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. பக்கத்துலயே படுங்க."

ஆட்டோவில் ஏறும்போது மேடம் மறுபடியும் கூப்பிட்டார்.

"காளீஸ்வரி."

"ம்" என்றாள் அவள். வெறும் "ம்"தான். மேடம் அதைக் கேட்டுக்கொண்டு, உள்ளே தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவையும் மகளையும் உள்ளே அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் குருவும் சிஷ்யரும் உட்கார்ந்திருந்தார்கள். சாருக்குக் கோடாங்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"மேடம், அவ மனசுல இது இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? தனியா விட வேண்டாம்னு முதல்லயே சொன்னீங்களே, அப்ப உங்ககிட்ட அவ ஒரு வார்த்தைகூடப் பேசலையே. செத்தவ பேருக்குப் பதில் சொன்னாளே, அதை வச்சா?"

"அதை வச்சு இல்ல சார். அது எல்லாருக்கும்தான கேட்டுச்சு."

"பின்னே?"

மேடம் டாக்டர் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்துக்கனிக்கு முன்னால டீச்சர் இன்னொரு பேரையும் கூப்பிட்டாங்க. காளீஸ்வரின்னு. நீங்களும் என்கூட வாசல்லதான நின்னீங்க சார். அதுக்கு யாராவது பதில் சொன்னாங்களா?"