ஐஸ் பெட்டி யாருக்கு?

வாடிக்கையாளர் வேஷத்தில் ஆளனுப்பிக் கடைகளை வேவு பார்க்கும் கம்பெனி ஒன்று கடலூரில் இருந்தது. அதன் முதலாளி சச்சிதானந்தம். வேலை கேட்டு வந்த பூங்காவனத்திடம் அவர் சொன்னார்: "இந்த வேலைக்கு வர்றவங்க பொய்யை முன்னாடியே தயார் பண்ணி வச்சுக்கணும். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டிக் கடைக்குப் போ. உங்க அம்மா செத்துட்டதா சொல்லி வாடகைக்குக் கேளு. மரியாதையா நடந்துக்கிறாங்களான்னு பார்த்துட்டு வா."

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க சார். வேற யாராவது..."

"சும்மா சொல்றதுதானே? முடியாதுன்னா கிளம்பு."

கடையின் உள்ளறையில், சோதனைக்காக ஓடவிட்ட காலிப் பெட்டிகள் வரிசையாக முனகிக்கொண்டிருந்தன. ஒரு கண்ணாடியின் உட்புறம், யாரோ மூச்சு விட்டது போலப் பனி படிந்திருந்தது. பூங்காவனம் ஓரடி பின்வாங்கினாள்.

"யாரும்மா தவறிட்டது?" என்று கடைக்காரர் தணிந்த குரலில் கேட்டார்.

அம்மாவின் பேர் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"எங்க முதலாளிங்க. நல்ல உயரம்," என்று சச்சிதானந்தத்தின் பேரையும், அவர் கார்டில் இருந்த வீட்டு விலாசத்தையும் கொடுத்தாள்.

அன்று மாலை சச்சிதானந்தம் கதவைத் திறந்தபோது கடை ஆட்கள் நான்கு பேர் ஐஸ் பெட்டியோடு தலைகுனிந்து நின்றார்கள். அவர் வாய் திறப்பதற்குள் பெட்டியைக் கூடத்தில் இறக்கி மின்சாரம் கொடுத்தார்கள். மூடியில் அவர் பேர் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தார்; கண்ணாடிக்குள் அவர் முகமே மல்லாந்து கிடந்தது.

"தலை எந்தப் பக்கம் வைக்கணும், ஐயா?" என்றார் ஒருவர் பணிவாக.

சச்சிதானந்தம் பூங்காவனத்துக்குப் போன் போட்டார்.

"கடைக்காரங்க மரியாதையா நடந்துக்கிட்டாங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"மொதல்ல இதை எடுக்கச் சொல்லும்மா," என்றார் அவர். "நாளைக்கே வேலைக்கு வந்துடு. வேற கடைக்குப் போகலாம்."