மன்னர் வாயில் தங்கத் தகடு

செங்கமலபுரி மன்னர் கனகசேகரருக்கு முன்பற்கள் இரண்டும் இடையில் சந்து விட்டுத் துருத்திக்கொண்டு நின்றன. அவர் ‘சபை’ என்று சொன்னால் கூடவே ஒரு சீட்டிச் சத்தம் வரும். ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

மன்னருக்குத் தாங்கவில்லை. அரண்மனை வைத்தியர் ஏகாம்பரத்துக்கு ஆஸ்தான விகடகவி மணவாளரைக் கண்டால் ஆகாது. இதுதான் சமயம் என்று, மணவாளரால் முடியாததும் உண்டா என்று அவர் கொளுத்திப்போட்டார். உடனே உத்தரவு பிறந்தது. பல்லைப் பிடுங்கக் கூடாது, அராவக் கூடாது, ஆறு மாதத்தில் அது உள்ளே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணவாளர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்.

மணவாளர் பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர். மன்னரைத் தேன்மெழுகைக் கடிக்கச் சொல்லிப் பல் அச்சு எடுத்தார். மேலண்ணத்தில் கச்சிதமாகப் படியும்படி மெல்லிய தங்கத் தகடு ஒன்று தட்டினார். அதிலிருந்து கிளம்பிய கம்பி முன்பற்களை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்தது. வாரம் ஒருமுறை கம்பியை மயிரிழை அளவு இறுக்கினால் பல் மெல்ல நகரும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

வைத்தியர் சும்மா இருப்பாரா? சபையில் பேச்சுக் குழறுமே என்றார், மன்னர் கழற்றினார். தூக்கத்தில் விழுங்கிவிட்டால் என்ன ஆவது என்றார், அப்போதும் கழற்றினார்.

வாரந்தோறும் கம்பியை இறுக்க வரும் மணவாளர் பார்த்தால், பல் நின்ற இடத்திலேயே நின்றது. ஒழுங்காகத்தான் போட்டுக்கொள்கிறேன் என்று மன்னர் சாதித்தார். மன்னரைப் பொய்யர் என்று யார் சொல்வது? மணவாளரின் மனைவி சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

கெடு முடிந்த அன்று சபை கூடியது. பல் நகரவில்லை என்று மன்னர் கடுகடுத்தார். மணவாளர் பதறவில்லை. தகடு எங்கே என்று மட்டும் கேட்டார். சேவகன் ஒரு சந்தனப் பெட்டியைக் கொண்டுவந்தான். மணவாளர் அதைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார், மூடியைப் பார்த்தார், அடியைத் தடவினார்.

“பெட்டியில் என்னத்தைத் தேடுகிறீர்?” என்றார் மன்னர்.

“பல்லைத்தான், மகாராஜா. ஆறு மாதமாகத் தகட்டைக் கழற்றாமல் போட்டிருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். இதற்கு மட்டும் பல் இருந்திருந்தால் இந்நேரம் முத்து வரிசையாகியிருக்கும்.”

மன்னர் மணவாளரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்னும் ஆறு மாதம் கெடு கிடைத்தது. பெட்டிக்குக் காவல் வைத்தியர் ஏகாம்பரம். சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் அதற்குள் தகடு இருந்தால் நாட்டை விட்டுப் போவது அவர்தான். அன்று முதல் வைத்தியர் மன்னரின் நிழலாகவே திரிந்து, “மகாராஜா, தகடு” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஐந்தே மாதத்தில் பல் உள்ளே போயிற்று. மணவாளருக்கு ஒரு கிராமம் மானியமாகக் கிடைத்தது.